பேர் வைக்கிற நாளில் வி.பி.என்.

ஐப்பசி 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். எனக்கு எழுத வராது. வாயால் சொல்ல, போன் எழுதிக்கொள்கிறது. பேத்தி செல்வி பழக்கிவிட்டாள்.

செல்விக்குச் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு. பிரசவத்துக்கு இங்கே வந்து, பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துப் புத்தகமெல்லாம் வளாகத்துக்குள் இருந்தால்தான் திறக்குமாம். வி.பி.என். என்று ஒன்றைப் போட்டால், ஆரணியில் உட்கார்ந்தபடியே உள்ளே இருப்பதாகக் கணக்கு. தீட்டு கழியவில்லை, வாசற்படி தாண்டக்கூடாது; பெண்ணோ பல்கலைக்கழகத்துக்குள்! சிரித்துச் சிரித்து இருமல்.

"லைன் அறுந்தா வெளிய தள்ளிடும் தாத்தா."

வியாழன்
வெயில். வாழை இலை, வெல்லம், பூ சொல்லியாயிற்று. நாளை கொள்ளுப்பேத்திக்குப் பேர் வைக்கிறோம். செல்வி ஆய்வேட்டை அனுப்பக் கெடுவும் நாளை மாலைதான். அதையும் உள்ளே இருந்துதான் அனுப்ப வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு. அவள் மாமியார் தேவிகாபுரத்து அம்மா போனிலேயே சொல்லிவிட்டார்: "கொயந்தையா, படிப்பா, ஏதாச்சும் ஒண்ணு பாரு." வாய் கொஞ்சம் கூர்மை.

வெள்ளி
மதியத்துக்கு மேல் வீடு நிறைய ஜனம். வந்தவர்களுக்கெல்லாம் காபி. கூடவே வைஃபை பாஸ்வேர்ட். அதுவும் இப்போது உபசாரம்தானே! மனப்பாடமாக நானே சொன்னேன்.

செல்வி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்து. "மூணு வாட்டி வெளிய தள்ளிடுச்சு. யாரு தாத்தா இத்தினி பேரு நம்ம வைஃபைல?"

கூடம் முழுக்கப் போன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எப்படி? என் கல்யாணப் பந்தியில் இடமில்லை என்று ஒருவரை எழுப்பிவிட்டார்கள். வழுக்கை, இடது காதில் கடுக்கன். சாகும்வரை எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

தேவிகாபுரத்துச் சம்பந்தியம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். கைகூப்பினேன். "அந்த வைஃபைய கொஞ்சம் விட்டுடுங்க."

"இன்னாங்க இது, குடுத்தத புடுங்கறீங்க? இதுக்கா பஸ் ஏறி வந்தேன்?"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"உங்க மருமவ உள்ளாற குந்திகினே சென்னைக்குப் படிப்ப அனுப்பிகினு கீது. எல்லாரும் லைன்ல நின்னா அதுக்கு வழி இல்ல. சாயந்தரம் கெடு."

எழுந்தார். கிளம்பிவிட்டார், போச்சு என்றே நினைத்தேன். கூடத்து நடுவில் நின்று ஒரு சத்தம்: "அல்லாரும் போன அணைங்க! ஜல்தி! யோவ் மச்சான், உன்னத்தான். கிரிக்கெட்டு எங்கியும் ஓடிப்போவாது!"

பிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு செல்வியின் அறை வாசலை அடைத்து உட்கார்ந்தார். போன் இல்லாத ஜனம் வேறு வழியின்றிப் பேச ஆரம்பித்தது. ஒரே சிரிப்பு.

ஐயர்: "நேரம் ஆகுது, தாயாரைக் கூப்பிடுங்கோ."

சம்பந்தியம்மா: "தாயாரு சென்னைல கீறா, சாமி. வரட்டும். அப்பால பேரு."

கதவு திறந்தது. "அனுப்பிட்டேன் அத்த!" கண்ணில் தண்ணீர். குழந்தைக்குக் கை நீட்டினாள்.

அந்த அம்மா தரவில்லை. "மொதல்ல நீ துன்னு."