ஆளில்லாத படங்கள்

இன்று காலை நம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்கு ஏற்றத் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். திடீரென்று தூறல். பட்டிழை நனையக் கூடாதென்று யாரோ ஒரு பழைய பேனரைத் தூக்கி வந்து மேலே போர்த்தினார்கள். அதில் நீ தலைகீழாகக் கிடந்தாய். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்து இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. உன் முகம்தான் தெரியவில்லை. அது முதல் நாளே மங்கல்தான். அதற்குக் காரணம் நான்.

சென்னையின் பழைய துறைமுகத்தில் ஓடாத கிரேன்களை வெட்டி இரும்பாக்கும் வேலைக்கு நீ போனாய். நான் இரவல் கேமராவோடு உன் பின்னால் வந்தேன். பக்கத்துத் தளத்தில் கப்பல் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. உன் தளத்தில் மட்டும் எல்லாம் துருவேறி நின்றது. காவலாளி மறித்தபோது, “நம்ம ஆளுணா, கல்யாண போட்டோகிராபரு. கிரேனுக்கு மாப்ள பாக்க வந்துக்கிறான்” என்று சொல்லி என்னை உள்ளே விட்டவன் நீ.

எந்தப் பல்சக்கரத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்பது உனக்குத் தெரியும். கூட்டிப்போய்க் காட்டுவாய். பிறகு அங்கேயே நிற்பாய். நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்: “ஓரமா நில்லுடா, படத்துல நீ விழற.”

“ஆளே இல்லாத மாதிரி எடுக்கறியே மச்சான், அப்ப இத யாரு வெட்டிக்கினு கீறது, பேயா?”

“கைவிடப்பட்ட இடம்னா அப்படித்தான்டா இருக்கணும்.”

“நாப்பது பேரு இங்கதான் சோறு துன்றோம். கைவுட்டுட்டாங்கன்றான் பாரு.”

சிரித்துக்கொண்டேதான் நகர்ந்தாய். அந்தப் படங்கள் சென்னையில் ஒரு வெள்ளைச் சுவரில் தொங்கின. பார்த்தவர்கள் “என்ன ஒரு அமைதி!” என்றார்கள். இடுப்புக் கயிறுகூடத் தராமல் உங்களை அந்த உயரத்தில் ஏற்றிவிட்ட ஒப்பந்தக்காரன் ஒருவன் இருந்தான். என் படங்கள் அவனையும் அமைதியாகக் காப்பாற்றின.

கிரேனின் கையோடு நீயும் விழுந்த மறுநாள் உன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். “உங்கூடத்தானப்பா சுத்திக்கினு இருந்தான். பேனருக்கு நல்ல படமா ஒண்ணு குடுப்பா.”

முந்நூறு படங்கள். சங்கிலி, கொக்கி, சக்கரம், துரு. ஒன்றில்கூட நீ இல்லை. இல்லையென்று சொன்னேன். அவர் நம்பவில்லை. “நல்லா தேடுப்பா, அத்தினி நாளு போனியே” என்றார். கடைசியில் உன் கேட் பாஸில் ஒட்டியிருந்த, முகத்தில் பாதி முத்திரை விழுந்த படத்தைப் பெரிதாக்கி அச்சடித்தோம்.

போன வாரம் மறுபடி துறைமுகத்துக்குப் போனேன். உன்னோடு வேலை பார்த்தவர் ஒருவரின் போனிலாவது நீ இருப்பாய் என்ற நப்பாசை.

“அவன் படமா? அவன்தாம்பா எல்லாரையும் எடுப்பான். அவன யாரு எடுத்தா?” என்றார் அவர். பிறகு போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். “இந்தா, இது நீதான? ‘நம்மாளு பெரிய ஆர்டிஸ்ட்டு’ன்னு எல்லாருக்கும் அனுப்பிக்கினு இருந்தான்.”

நான் மண்டியிட்டிருக்கிறேன். சட்டையெல்லாம் கிரீஸ். கண் கேமராவுக்குள் புதைந்திருக்கிறது. எனக்கு எதிரில் நின்ற அத்தனை பெரிய கிரேனை நீ படத்தில் சேர்க்கவே இல்லை. என்னை மட்டும்தான் எடுத்திருக்கிறாய்.

அதை என் போனில் வைத்துக்கொண்டு அலைகிறேன். உன் அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. “இதுல எம்புள்ள எங்கப்பா?” என்றுதான் அவர் முதலில் கேட்பார்.