ஏழாவது முடிச்சு

அன்பு மகளுக்கு,

நான் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எழுதுகிறாள். நம் கிழட்டு நாய்க்குக் கண் முழுக்கப் போய்விட்டது, சாப்பாட்டையும் தொடவில்லை. நீ துண்டில் பிஸ்கட் வைத்து முடிச்சுப் போட்டு ஒளித்தபோது, "நாய் மூக்குக்குப் பள்ளிக்கூடம் நடத்துறியா?" என்று சிரித்தேனே, அதையே இப்போது நான் செய்கிறேன்.

ஆறு முடிச்சில் கறித்துண்டு வைத்தேன். துணி போதாமல் ஏழாவதை உன் பழைய காலுறையில் போட்டேன்; அதில் கறி வைக்க மறந்துவிட்டேன். அவன் ஆறையும் தாண்டிப்போய் அந்த வெறும் முடிச்சைக் கவ்வி வந்து வாசற்படியில் படுத்துக்கொண்டான். அசந்துபோனேன். அதைச் சோற்றுத் தட்டுப் பக்கத்தில் வைத்த பிறகுதான் தின்றான்.

"உங்களவிட அவனுக்கு விவரம் ஜாஸ்தி, பெரியவரே," என்கிறாள் இவள்.

நீ கிளம்பிய அன்று அதே வாசலில் நான் கோபத்தில் பேசியது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. அதை இவளிடம் எழுதச் சொல்ல வாய் வரவில்லை.

கீழே என் கைநாட்டு. பக்கத்து ஈரக்கறை அவன் மூக்கு பட்டது.

அப்பா