திரும்பி வந்த குடை

ஜனவரி 22, வியாழன்

காலையில் நல்ல பனி. கொடியில் போட்ட துணி மதியம் வரை ஈரம்.

எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி. மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிற பெண் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டு விடைபெறுகிறாள். சாக முடிவெடுத்தவளும் அப்படித்தான் விடைபெறுவாள். வெளியிலிருந்து பார்க்கிற ஒருத்தி இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

இன்று ந. வந்தாள். (இங்கேயும் முதலெழுத்துதான். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.) மீமிசல்காரி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் குவைத்தில் ஒரு கடையில் வேலை. ஆடியிலிருந்து வியாழன்தோறும் நாலு மணி. முதல் நாள் அவள் சொன்னது: ஒரு விடியற்காலை கடலுக்குள் நடந்து போயிருக்கிறாள். அங்கே கடல் ஆழமில்லை. வெகுதூரம் நடக்க வேண்டும். நண்டு வலைக்காரர்கள் சத்தம் போட்டதும் திரும்பிவிட்டாள். வீட்டில் கால் நனைக்கப் போனதாகச் சொல்லியிருக்கிறாள். விஷயம் தெரிந்தவர்கள் நானும் மாத்திரை எழுதுகிற டாக்டரும் மட்டும்.

வீட்டாருக்கு அவள் வருவது கழுத்து வலிக்கு. மனநல ஆலோசனை தரும் என் அறை பிசியோதெரபி கிளினிக்கின் மாடியில் இருப்பதால் வசதி. என்னிடம் வருகிற பாதிப்பேருக்குக் கழுத்து வலிதான். கீழே டோக்கன் போடும் சுதா சொல்வாள், "ஏறையில கழுத்தப் புடிச்சிக்கிட்டே ஏறுவாங்க மேடம், எறங்கையில புடிக்க மறந்துருவாங்க."

இன்று கூடவே மாமியாரும். முதல்முறை. மருமகள் கழுத்தைச் சரிபண்ணிய டாக்டரம்மாவைப் பார்த்தே ஆக வேண்டுமாம். மூச்சு வாங்க ஏறி வந்து ந. வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ந. சுவரோரம் ஸ்டூலில். தலையணை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று ஏதோ சொன்னேன். எங்கே கற்றேனோ.

செவ்வாய்க்கிழமை இருவரும் உம்ராவுக்குப் புறப்படுகிறார்கள். ஊரிலிருந்து வேன், திருச்சியில் விமானம். அதற்கு முன்னால் மாப்பு கேட்டு முடிக்க வேண்டும். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சும் தெரியாமயும் எதுவும் தப்பு நடந்திருந்தா மன்னிச்சு, எங்களுக்காக துஆ செய்ங்க டாக்டரம்மா." பார்த்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் என்ன தப்பு. தலையாட்டினேன்.

பிறகு ந. அதே வார்த்தைகள். ஆனால் முடித்துவிட்டு நகரவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.

அப்புறம் பையிலிருந்து குடையை எடுத்தாள். என் குடை. கார்த்திகை மழையில் ஒரு நாள் கொடுத்தது. (எதுவும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அன்று பெய்த மழைக்கு விதி தெரியாது.) அதன்பின் ஒவ்வொரு வாரமும் குடையை மறந்துவிட்டு வந்தாள். ஒருமுறை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், குடை அவளிடம் இருக்கிறவரை வந்துதானே தீர வேண்டும் என்று. இன்று துடைத்து, மடித்து, நூல் சுற்றி.

பாடப்புத்தகத்தில் இருக்கும் அறிகுறிகள்: மன்னிப்புக் கேட்பது. சொந்தப் பொருளைக் கொடுத்துவிடுவது (தையல் மெஷின் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போய்விட்டது, மாமியார் பெருமையாகச் சொன்னார்). இரவல் திருப்புவது. திடீரென்று ஓர் அமைதி.

இவை நாலும் உம்ராவுக்குப் போகிற எவருக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் அவளிடம் நேராகக் கேட்பேன், சாகணும்னு நினைப்பு வந்துச்சா என்று. இன்று கேட்கவில்லை. மாமியாரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் ரகசியத்தைக் காப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். பதிலுக்குப் பயந்தேன் என்பதுதான் நிஜம்.

சுதா: "நாலு மணி இனிமே காலி தானே மேடம், ஆலங்குடி டீச்சரைப் போடவா?" பார்க்கலாம் என்றேன்.


ஜனவரி 23, வெள்ளி

காஸ் தீர்ந்தது. புதுசு வர இரண்டு நாளாம். மின்னடுப்பில் ரசம்.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டாமவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் மூலையில் இருந்த குடைமேல் போனது. அவர் கவனித்துவிட்டார். "குடை எடுத்துட்டு வந்துருக்கீங்களே, மழை வருமா மேடம்?" மன்னிப்புக் கேட்டேன். இந்த வாரம் எல்லோரும் மன்னிப்புக் கேட்கிறோம்.

மதியம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி. எனக்கு எந்தச் சாமியும் கிடையாது. ஆனால் பயம் வந்தால் காது எல்லாத் திசையிலும் போகிறது.

இரவு சாப்பாட்டில் இவர் கேட்டார், ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று. தலைவலி என்றேன். இருபது வருடமாக இந்த வீட்டில் எனக்குத் தலைவலி, என்னிடம் வருபவர்களுக்கு அவர்கள் வீட்டில் கழுத்து வலி.


ஜனவரி 24, சனி

மதுரையிலிருக்கும் என் சீனியருக்கு போன். பயிற்சிக் காலத்திலிருந்து என் வேலையை மேற்பார்த்தவர். பெயரில்லாமல் நடந்ததை மட்டும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எங்கிட்டக் கேட்டதுக்கு அவங்ககிட்டக் கேட்டிருக்கலாமேம்மா" என்றார். ஆபத்து என்று தோன்றினால் குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை. "ஒனக்கு என்ன தோணுது?" தெரியல சார் என்றேன். தெரியலன்னா கேள், என்றார். வைத்துவிட்டார்.

எப்படிக் கேட்பது? ந.வின் போன் பெரும்பாலும் மாமியார் கையில். நானாக அழைப்பதில்லை என்று முதல் நாளே பேசி வைத்தது. தேவைப்பட்டால் சுதா கிளினிக்கிலிருந்து கூப்பிட்டு அப்பாயின்ட்மென்ட் நேரம் மாறியதாகச் சொல்வாள்.

கூப்பிடச் சொன்னேன். மாமியார்தான் எடுத்தார். கழுத்து பூரண குணமாம். மருமகள் வீட்டில் இல்லை, தெற்குத் தெருவில் மாப்பு கேட்கப் போயிருக்கிறாள். செவ்வாய் சாயங்காலம் அசர் தொழுகைக்கு வேன் புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் நிற்கும். எனக்குப் பேரீச்சம்பழம் வருமாம். சுதா ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "நல்ல மாமியாரு மேடம், எனக்கும் ஒண்ணு இருக்கே" என்றாள்.

நல்ல மாமியார்தான். அதனால்தான் சொல்லவே முடியாது என்று ந. ஒருமுறை அழுதாள். "திட்டுனாக்கூடச் சொல்லிருவேன் மேடம். அது பாசமா இருக்குது."


ஜனவரி 25, ஞாயிறு

மீன் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மீமிசல் போனேன். அறந்தாங்கியில் பஸ் மாறி. புதுக்கோட்டையிலேயே மீன் கிடைக்குமே என்று இவர் கேட்கவில்லை.

என்ன செய்யப்போகிறேன் என்று பஸ் இறங்கும்வரை தெரியாது. வீடு எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது. வெயில். மீன் ஏலம் முடிந்துபோயிருந்தது. சாலையோரம் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் நின்றேன். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. "என்னம்மா, நீங்க மீனப் பாக்குறீங்களா, மீனு ஒங்களப் பாக்குதா?" என்றார்.

நிமிர்ந்தேன். எதிர் வரிசையில் ஒரு வீட்டிலிருந்து வெள்ளைத் துப்பட்டியோடு ந. இறங்கி வந்தாள். தனியாக. என்னைப் பார்த்துவிட்டாள். நின்றாள்.

எங்கள் அறைக்கு வெளியே ஒரு வழக்கம் உண்டு. சின்ன ஊர்களில் இல்லாமல் முடியாது. வருகிற எல்லோருக்கும் முதல் நாளே வாக்குக் கொடுப்பேன்: கடைத்தெருவில் பார்த்தாலும் நானாகப் பேச மாட்டேன், தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டேன். இத்தனை வருடத்தில் அது உடம்பிலேயே ஊறிவிட்டது.

குனிந்து மீனைப் பார்த்தேன். "நகரை எவ்வளவு?" என்று கேட்டேன்.

மறுபடி நிமிர்ந்தபோது அவள் அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அறுபது கிலோமீட்டருக்கு மேல் போய், அவளைப் பார்த்து, தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டு வந்திருக்கிறேன். சாகலாமா என்று இருப்பவளுக்கு அது என்ன சொல்லியிருக்கும்.

மீன் பழசு. இவர் முழுக்கச் சாப்பிட்டார்.


ஜனவரி 26, திங்கள்

லீவு. பள்ளிக்கூடத்து மைக்கில் காலையிலிருந்து பாட்டு. பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சட்டையில் குத்தக் கொடி கேட்டு வந்தார்கள். இல்லை.

தாளில் எழுதிப் பார்த்தேன்.

மாமியாரிடம் சொன்னால்: கழுத்து வலிக் கதை உடையும். குவைத்துக்கு போன் போகும். கதவுக்கு ஓர் ஆள் காவல். தெருவுக்குத் தெரியும். பயணம் நிற்கலாம். அவளுக்கு என்று இருந்த ஒரே ஓர் அறை என்றைக்கும் இல்லாமல் போகும். ஒருவேளை உயிரோடு இருப்பாள்.

சொல்லாவிட்டால்: எழுத முடியவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ், விசாரணை, என் பெயர். அதையும் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன், ஆனாலும் நினைத்தேன்.

அதற்கும் அடியில் வேறு ஒரு பயம். வியாழன் மூன்றரைக்கே மின்விசிறியைப் போட்டு, நாற்காலியைச் சரியாகத் திருப்பி வைத்துக் காத்திருக்கிறேன். வேறு யாருக்கும் அப்படிச் செய்வதில்லை. இதற்கும் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்து என்ன.

கேட்டால் சாவு எண்ணம் வந்துவிடும் என்று ஊர் நம்புகிறது. கேட்டால் வராது, கேட்கத்தான் வேண்டும் என்று படித்திருக்கிறேன். பிறருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நாளை அசர் நேரம். குடையோடு போகிறேன். சாகப்போவதாகச் சொன்னால் அங்கேயே, வேன் வாசலிலேயே, மாமியாரிடம் சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேனா?


ஜனவரி 27, செவ்வாய்

மேகமூட்டம். காற்று.

வேன் மூன்றேமுக்காலுக்குப் பள்ளிவாசல் பக்கம் வந்து நின்றது. ஆண்கள் தொழப் போனார்கள். மாமியாரும் இன்னும் சில பெண்களும் பெண்கள் பகுதிக்கு. ந. போகவில்லை. டீக்கடை ஓரம் பைகளுக்குக் காவலாக நின்றாள். நான் நேராக அவளிடம் நடந்து போனேன். நானாக. வாக்கு அத்தோடு உடைந்தது.

அவள்தான் முதலில் பேசினாள். "ஞாயித்துக்கெழம மீன் வாங்க வந்தீங்களா மேடம்?"

"இல்ல. உங்களப் பாக்க வந்தேன். பாத்துட்டுப் பேசாம வந்துட்டேன். தப்பு."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டேன், வியாழனன்று கேட்க வேண்டியதை. "சாகணும்னு இருக்கா?"

அவள் பைகளையே பார்த்தாள். "மக்காவுல மவுத்தானா பாக்கியம்னு எல்லாரும் சொல்றாங்க. மாமி தெனமும் அதத்தான் துஆ கேக்குது. அதப் பாத்து யாரும் பயப்படல."

"நீங்க அந்தச் சாவக் கேக்குறீங்களா?"

"கேட்டேன்."

கையிலிருந்த குடையை ஊன்றிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் கேட்டேன். அப்புறம் நீங்க மீன் கூறு முன்னாடி நின்ன நிலையப் பாத்தேன். செவுளக்கூடத் தூக்கிப் பாக்காம வாங்குறீங்க. அது ரெண்டு நாளு மீனு மேடம். அந்த வீட்டுக்குள்ள போயி மாப்பு கேக்கையில எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவுங்க என்னமோ நெனச்சுக்கிட்டாங்க."

"இப்ப?"

"இப்ப தெரியல."

பொய் இல்லை. பொய் என்றால் அந்த நினைப்பே இல்லை என்று சொல்லியிருப்பாள்.

வேலையைச் செய்தேன். மாத்திரை பையில் இருக்கிறதா: இருக்கிறது, காட்டினாள். அங்கே அந்த நினைப்பு வந்தால் யாரை எழுப்புவாள்? பையின் ஜிப்பை மூடினாள். "மாமிய."

"எழுப்பிருவீங்களா? காரணம் சொல்லி?"

"எழுப்புவேன். அது எப்படியும் தூங்காது." பிறகு, "கழுத்து வலின்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

மாமியாரிடம் நான் இப்போதே சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே சொல்றேன், பிளேன் ஏறுறதுக்குள்ள, என்றாள். நம்பினேனா? பாதி. என் போன் நம்பரை அவள் போனில் என் பெயரிலேயே போடச் சொன்னேன். போட்டாள்.

தொழுதுவிட்டு மாமியார் வந்தார். டாக்டரம்மா வழியனுப்ப வந்திருப்பதில் அவருக்கு ஒரே பெருமை. கூட வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அத்தனை பேரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.

குடையை நீட்டினேன். ந. உடனே வாங்கவில்லை. மாமியார் சிரித்தார், "அங்க எங்க டாக்டரம்மா மழ பெய்யுது?"

ந. கையை நீட்டி வாங்கினாள். "வெயிலுக்கு மாமி. திரும்பக் குடுத்துரணும்."

ஏறினார்கள். ஜன்னலோரம் மாமியார். அவள் உள்பக்கம். முகம் தெரியவில்லை. வேன் திருச்சி ரோட்டில் திரும்பியது.

கிளினிக்குக்கு நடந்தே வந்தேன். ஏழு மணி வரை போன் வரவில்லை. விமானம் எட்டரைக்கு.

கதவைப் பூட்டும்போது சுதா மறுபடி கேட்டாள், வியாழன் நாலு மணிக்கு ஆலங்குடி டீச்சரைப் போடவா என்று.

போடாதே என்றேன்.