மோர்க்காரி குனியாமல் போகும் பாலம்

மதுரை, மகால் தெரு
பகுதானிய வருஷம், புரட்டாசி 25

சிரஞ்சீவி ராமமூர்த்திக்கு அப்பா எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே ஜாம்ஷெட்பூரில் நீயும் மருமகள் ராதாமணியும் குழந்தை வெங்கடுவும் எங்களை விடச் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிரார்த்தனை. அம்மாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, மீதியை என்னைத் திட்டுவதற்காக வைத்திருக்கிறாள். வைகையில் இந்த வருஷம் தண்ணீர் உண்டு, சாயப்பட்டறையில் நூல் அலச இந்தத் தடவை கஷ்டமில்லை. என் கை நீலம் இன்னும் போகவில்லை, இந்தக் காகிதத்தில் ஓரமாக ஒட்டியிருப்பது அதுதான், மை கொட்டிவிட்டது என்று நினைக்காதே. வீட்டில் நாம் பேசுவது நம் பாஷையாக இருந்தாலும் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தமிழ்தான் ஓடுகிறது, அதனால் உன் அம்மா சொல்லச் சொன்னதெல்லாம் காரம் குறைந்துதான் உனக்கு வந்து சேரும்.

உன் கடிதம் மகாளய அமாவாசைக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. வழக்கமாக நாலு வரியில் சுகம் விசாரித்து முடித்துவிடுவாய், இந்தத் தடவை இரண்டு பக்கம். வெங்கடுவுக்கு ஆறு நடக்கிறது, நம் வீட்டில் இருந்தது போலத் துளை போட்ட இரும்புப் பட்டைகளும் சக்கரங்களும் போல்ட்டும் நட்டும் உள்ள விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கப் போகிறேன், எது நல்லது, கூட ஆள் பொம்மைகளும் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பதினாறு வருஷமாக நீ அந்தப் பெட்டியைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு உன் அம்மாவிடம் கொடுத்தேன், அவள் என் முகத்தைப் பார்த்து என்ன கெட்ட சேதி என்று பயந்துவிட்டாள். சந்தோஷத்தில்கூட என் முகம் அப்படித்தான் இருக்குமாம்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சாமான் மட்டும் செய்ய வரும் பெட்டியை வாங்காதே. ரயில் என்றால் ரயில் மட்டும், அதை ஒரு தரம் பூட்டிவிட்டால் பிறகு அது அலமாரிக்குத்தான். பட்டைகள் சின்னதும் பெரியதுமாக நிறைய இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் துளைகளுக்கு நடுவே ஒரே இடைவெளி இருக்க வேண்டும், போல்ட்டு இரண்டு பிடி கூடுதலாகவே இருக்கட்டும், ஏனென்றால் முதல் மாதத்திலேயே கால்வாசி தொலையும். வர்ணம் பூசியதை விடப் பளபளப்பாக விட்டதே மேல், வர்ணம் உரிந்தால் பிள்ளைகளுக்கு மனம் விட்டுப்போகும். கூட வரும் படப் புத்தகத்தை ஆறு மாதம் ஒளித்து வை. ஆள் பொம்மை விஷயத்தில் என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். பொம்மை என்றால் பலகை ஒட்டாமல் தன் காலில் நிற்க வேண்டும். உட்கார்ந்த பொம்மை எனக்கு ஆகாது, அது காலத்துக்கும் உட்கார்ந்தே இருக்கும், ஒரு வேலைக்கும் கூப்பிட முடியாது. சிரித்த முகமும் வேண்டாம், தீ விபத்தைக் கட்டினாலும் அது பக்கத்தில் நின்று சிரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டடத்தின் அளவுக்குப் பொம்மை அடங்க வேண்டும் என்று முன்பெல்லாம் அடித்துச் சொல்வேன். அந்த ஒன்றை மட்டும் இப்போது வாபஸ் வாங்குகிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

உனக்குப் பதில் எழுதுவதற்கு முன், பழைய பெட்டியில் எத்தனை பட்டை, எத்தனை சக்கரம் என்று பார்க்கலாம் என்று பரணிலிருந்து இறக்கினேன். ரயில்வே துரை ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது ஏலத்தில் எடுத்த அதே சீமைப்பெட்டி. நான் ஏலத்திலிருந்து பெட்டியைத் தூக்கி வந்த அன்று நீ பள்ளிக்கூடச் சட்டையைக் கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையையும் முகர்ந்து பார்த்தாய், எண்ணெய் வாசனை அடிக்கிறது அப்பா என்றாய். அந்த வாசனை இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் நானும் பட்டறை மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து ஏற்றமும் தேரும் பாரந்தூக்கியும் கட்டுவோம், உன் அம்மா சாப்பாடு ஆறிப்போகிறது என்று மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்போம். என் ஆயுளில் அதற்கு ஈடான ஞாயிற்றுக்கிழமை பிறகு வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

பதினாறு வருஷத்துக்கு முந்தின அந்தத் துந்துபி வருஷத்து நவராத்திரி உனக்கு மறந்திருக்காது. உனக்குப் பதினொரு வயது. கொலுப் படிக்குப் பக்கத்தில், முற்றத்தை ஒட்டின கூடத்துத் தரையில், மணல் பரப்பி வைகையும் பாலமும் வைக்க வேண்டும், பாலம் முழுக்க என்னுடையது, அப்பா கை வைக்கக் கூடாது என்று நீ கேட்டாய், நானும் சரி என்றேன். பரவைச் சந்தையில் மண் பொம்மை விற்கும் சோணையிடம் போனோம். நீ எடுத்தது ஒரு மாட்டு வண்டியும், தலையில் பானை வைத்த மோர்க்காரியும். அந்த மோர்க்காரி ஒரு ஜாண் இருந்தாள். சீமைப்பெட்டியோடு வந்த ஈய பொம்மைகள் சுண்டு விரல் அளவு, பாலத்துக்கு அவைதான் சரி, இவள் நின்றால் பாலம் திண்ணையாகத் தெரியும் என்று நான் சோணையிடமே சண்டைக்குப் போனேன். அவன் சிரித்துக்கொண்டு, ஆளு போறதுக்குத்தேன அண்ணே பாலம், இம்புட்டு ஒசரம் ஆகாதுன்னு ஆளையா வெட்டுறது, என்றான். நீயும் சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது.

நீ மூன்று நாள் பட்டறை மேசையில் கட்டினாய். நாலாம் நாள் நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது பார்த்தேன், பாலம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சாயங்காலம் தாம்பூலத்துக்குத் தெருப் பெண்களெல்லாம் வருவார்கள், என் பிள்ளை கோணல் பாலம் கட்டினான் என்று ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பதைப்பு. மேசைமேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், மேசை சுத்தமாக மட்டம். அப்படியானால் பிசகு பாலத்தில்தான் என்று ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் ஒரு துளை குறைத்துப் பூட்டி, உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நானே தூக்கிப்போய் மணலில் வைத்தேன். வைத்தால் மாட்டு வண்டி தானாகவே முற்றத்தைப் பார்த்து ஓடுகிறது. மணல் அமுங்கியிருக்கும் என்று காலுக்கடியில் இரண்டு சிரட்டைச் சில்லைச் சொருகினேன். மோர்க்காரி பாலத்துக்குக் கீழே நுழையவில்லை, அவளைப் படிக்குப் பின்னால் வைத்துவிட்டு ஈய பொம்மைகளை நிறுத்தினேன். நீ பையோடு வந்து நின்று பார்த்தாய். குனிந்து சிரட்டைச் சில்லையும் பார்த்தாய். வந்தவர்கள் புகழ்ந்தபோது, எல்லாம் அப்பா செஞ்சது என்றாய். பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று பூரித்துப்போன மடையன் நான். அதற்குப் பிறகு நீ அந்தப் பெட்டியைத் தொடவில்லை. வளர்ந்துவிட்டான், ஆசை விட்டுப்போயிற்று என்று நானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது பெட்டியின் அடித்தட்டில் விரித்த காகிதத்தை எடுத்தால், அதன் பின்பக்கம் நீ பென்சிலால் போட்ட படம். பாலம், வண்டி, பாலத்துக்குக் கீழே பானையோடு மோர்க்காரி. முற்றத்துப் பக்கம் ஒரு துளை கூடுதல், தண்ணீர் வாட்டம், என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, மோர்க்காரி குனியாமல் போக வேண்டும். உடனே ரசமட்டத்தைக் கொண்டுபோய்க் கூடத்துத் தரையில் வைத்தேன், குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்கு ஓடிவிட்டது. கழுவின தண்ணீர் முற்றத்துக்கு வடிய வேண்டுமென்று தரையைச் சரிவாகப் போடச் சொன்னதே நான்தான். மேசையை அளந்தேன், உன் பாலத்தை அளந்தேன், அது நிற்க வேண்டிய இடத்தை அளக்கத் தோன்றவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை அளந்திருக்கிறான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், உன் அம்மா முழங்கால் வலியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, இதை அவனுக்கு எழுதுங்கள், எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம் என்றாள். எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது ராமமூர்த்தி, உன் பாலம் கோணல் இல்லை. நீ அன்றைக்குச் சண்டை போட்டிருக்கலாம், ஆனால் சண்டை போட இடம் கொடுத்த அப்பா இல்லை நான்.

இந்த நவராத்திரிக்கு உன் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, ஒரு துளை கூட மாற்றாமல் கட்டினேன். சில்லு இல்லை, மணல் அணைப்பு இல்லை, வண்டி வைத்த இடத்தில் நிற்கிறது. மோர்க்காரிக்குப் பானை விளிம்பு கொஞ்சம் உடைந்திருக்கிறது, மற்றபடி திடமாக இருக்கிறாள், பாலத்துக்குக் கீழே தாராளமாகப் போகிறாள். விஜயதசமிக்குப் பொம்மையைப் படுக்க வைத்து எல்லாவற்றையும் துணி சுற்றிப் பெட்டியில் போட்டாயிற்று, பாலத்தை மட்டும் எடுக்க விடவில்லை. கூடம் பெருக்க முடியவில்லை என்று உன் அம்மா தினமும் என்னைப் பெருக்குகிறாள்.

அங்கே குளிர் வரப் போகிறது, வெங்கடுவுக்குக் காதை மூடித் துணி கட்டு, ராதாமணியை வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல். வெங்கடு என்ன கட்டினாலும் கோணலாகத் தெரிந்தால் கை வைக்காதே, ஏன் இப்படி என்று கேள். நீங்கள் மூவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். ஞாபகமாக ஒன்று, இத்துடன் ஒரு சின்னப் பார்சல் வரும், நம் பெட்டியின் திருப்புளி அதில் இருக்கிறது. வெங்கடுவுக்குக் கொடு. என்னிடம் வேறு கிடையாது, கடையில் வாங்கவும் மாட்டேன். அதனால் தீபாவளிக்கோ, முடியாவிட்டால் தைக்கோ, அதை எடுத்துக்கொண்டு நீங்கள் வருகிற வரைக்கும் இந்தப் பாலத்தை இங்கே யாராலும் கழற்ற முடியாது.

உன் அப்பா,
வெங்கடசுப்பிரமணியன்