காகத்துக்குக் காத்து நின்ற யப்பான்காரர்

2.3.63
வயலில் நெல்லுச் சூடடிப்பு முடிந்தது. முதுகு நிமிரவில்லை. பின்னேரம் என்ரை மனுசன் கிளிநொச்சியிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார். அவர் சிரித்துக்கொண்டு வந்தாலே எதற்கோ தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். யப்பான் கமக்காரர் ஏழெட்டுப் பேர் இரணைமடுக் குளமும் எங்கள் குடியேற்றக் கொலனி வயலும் பார்க்க வருகினமாம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில், பத்தொன்பதாம் தேதி. கமத்தொழில் ஒப்பிசர் கேட்டாராம், இவர் ஓமெண்டு தலையாட்டிவிட்டாராம்.

பஞ்சாங்கத்தை எடுத்து முன்னால் போட்டேன். அண்டைக்குப் பங்குனித் தேய்பிறை நவமி. அண்ணையின் திவசம். இங்கிலீசுக் கலண்டரை மட்டும் பார்த்து ஒப்புக்கொண்டால் இப்பிடித்தான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன அண்ணையை யப்பான் குண்டு கொண்டுபோய் இருபத்தொரு வருசம். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவன்ரை திவசச் சோற்றை நான் யப்பான்காரருக்குப் போடவோ?

3.3.63
இவரோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

9.3.63
அவர்களைக் கூட்டிவரப் போகிற கைட் வீடு பார்க்க வந்தார். மரியநேசன், முல்லைத்தீவுக் கடற்கரைச் சனம், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். கப்பலில் வேலை செய்தபோது யப்பான் பாஷை பழகினவராம். இப்ப வெளிநாட்டாக்களுக்கு இடம் காட்டுவதுதான் தொழில். கிணற்றைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார். பிறகு சுவரில் அண்ணையின் படத்தைப் பார்த்து, "ஆர் அக்கா?" என்றார்.

பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். சமாதானம் சொல்ல வந்தால் ஏசுவதற்கு ஆயத்தமாக நின்றேன். அவர் ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

"அவை வாற நாளை மாத்தேலாது அக்கா. சாப்பாட்டைப் பக்கத்து வளவுத் தவராசா வீட்டிலை வைக்கலாம். நான் ஒப்பிசரிட்டைக் கதைக்கிறன்."

என்ரை வாய் சும்மா இருந்ததா? "வேண்டாம், வரட்டும். வந்து அவன்ரை முகத்தைப் பாக்கட்டும். நான் சொல்லுறதை அப்பிடியே அவைக்குச் சொல்லுவீரோ தம்பி?"

"சொல்லுவன்."

பார்ப்பம். விருந்தாளியைக் கூட்டி வாறவன் சீனி போட்டுத்தானே சொல்லுவான்.

18.3.63
பூசணிக்காய் வெட்டியாயிற்று. அவைக்குச் சொல்லப் போறதை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாக்கிறன். கோபமோ பயமோ தெரியேல்லை.

19.3.63
வந்தார்கள். வயல் பார்த்து, வெயிலில் சிவந்து, பசியோடு. ஒப்பிசர் இலையைப் போடச் சொன்னார். காகத்துக்கு வைத்து, அது வாய் வைத்த பிறகுதானே ஆட்களுக்கு? கூரையில் வைத்துக் கூப்பிட்டேன். வரவில்லை. மற்ற நாளில் குசினிக்குள்ளேயே வந்து களவெடுக்கிற சனியன்கள், இண்டைக்கு ஒன்றையும் காணவில்லை. ஒப்பிசர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். என்ரை மனுசன் என் முகத்தைப் பார்க்கப் பயந்து மாட்டைப் பார்க்கிறார்.

மரியநேசன் அவர்களிடம் ஏதோ சொன்னார். எல்லாரும் கதிரையை விட்டு எழும்பி முற்றத்துக்கு வந்து, கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். மூத்தவர், நக்கமுரா என்று பேர், தொப்பியைக் கழற்றினார்.

"என்ன தம்பி சொன்னீர்?"

"செத்தவர் முதல் சாப்பிடோணும், அதுவரைக்கும் நாங்கள் நிக்கோணும் எண்டனான். தங்கடை ஊரிலையும் செத்தவைக்குத்தான் முதல் சோறாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எப்பிடிச் செத்தவன் எண்டும் சொல்லும். உங்கடை குண்டு விழுந்து எண்டு சொல்லும்."

இவர், "இஞ்சேருமப்பா, விடும்" என்றார். ஒப்பிசர் வேண்டாமென்று கையைக் காட்டினார். மரியநேசன் இந்த இரண்டு பேர் பக்கமும் திரும்பவே இல்லை. நக்கமுராவுக்கு முன்னால் போய் நின்று சொன்னார். திருகோணமலை என்ற பேர் எனக்கே கேட்டது. குறைக்கவில்லை, சீனி போடவில்லை. நக்கமுராவின்ரை முகம் போன போக்கில் அது தெரிந்தது.

உள்ளே வரலாமோ என்று நக்கமுரா கேட்டாராம். அண்ணையின் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் படக் குனிந்தார். கனநேரம் எழும்பவில்லை. பிறகு அவர் சொன்னதை மரியநேசன் எனக்குச் சொன்னார்.

"தன்ரை தம்பியும் சண்டையிலை மூழ்கின கப்பலோடை போனவனாம் அக்கா. உடம்பு கிடைக்கேல்லையாம். மன்னிக்கச் சொல்லிக் கேக்கத் தனக்கு வாய் வரேல்லையாம்."

அழுதேன். கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் காகம் வந்தபிறகு என்ரை கையால்தான் இலை போட்டேன். நக்கமுராவுக்கு இரண்டாம் தரம் பாயசமும் விட்டேன்.

20.3.63
மரியநேசனைத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன். நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒப்பிசருக்கும் சந்தோசமாக இருந்திருக்கும். எனக்குத் தந்த வாக்குக்காக நின்றார். கெட்டிக்காரர் கனபேர் இருக்கினம், இது நேர்மையான பிள்ளை. அவர் இல்லாவிட்டால் நானும் நக்கமுராவும் சும்மா பல்லைக் காட்டிவிட்டுப் பிரிந்திருப்போம்.

11.8.63
வேறு ஆட்களை முல்லைத்தீவுக்குக் கூட்டிப்போகிற வழியில் மரியநேசன் இறங்கினார். நக்கமுரா கடிதம் போட்டு என்ரை அண்ணையின் பேரைக் கேட்டிருக்கிறாராம். அங்கே இந்த மாதம் செத்தவர்களுக்கு விளக்கு வைக்கிற நாளாம், அண்ணைக்கும் ஒன்று வைக்கவாம். யோகநாதன் என்று நாலு தரம் சொல்லிக் கொடுத்தேன்.

படலை வாசல் வரைக்கும் போனவரைத் திருப்பிக் கூப்பிட்டேன். "நக்கமுராவின்ரை தம்பிக்கு என்ன பேர்?"

அதைக் கேளாமல் வருகிற ஆளா அவர்? "சபுரோ, அக்கா."

6.4.64
திவசம். இவர் இப்ப பஞ்சாங்கம் பாராமல் ஒன்றுக்கும் தலையாட்டுவதில்லை. படையலில் இரண்டு இலை போட்டேன். இவர் பார்த்துவிட்டு இரண்டாவது இலைக்கும் தண்ணீர் தெளித்தார். கூரையிலும் இரண்டு பிடி வைத்தேன், பேர் சொல்லி.

காகம் உடனே வந்தது. சபுரோவின் பிடியில்தான் முதல் வாய் வைத்தது. அண்ணை விட்டுக் கொடுத்திருப்பான். வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு முந்தி அவன் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.