இழுத்துக் கேட்ட குரல்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

வேலை முடிந்ததும் அறையில் தனியாகக் கம்ப்யூட்டரில் இசை செய்து பார்க்கிறேன். நேற்று நீ போனில் பேசி அனுப்பிய பதிவையே எடுத்து, ரப்பர் மாதிரி நீளமாக இழுத்து, மெதுவாக ஓடவிட்டேன். பக்கத்து அறை அண்ணன் கதவைத் தட்டி, "உள்ள யாருப்பா அழறது?" என்றார். "கம்ப்யூட்டர்தாண்ணே" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அப்புறம் கூர்ந்து கேட்டால், "நான் நல்லாத்தான்" என்பதற்கும் "இருக்கேன்" என்பதற்கும் நடுவில் நீ ஒரு விம்மலை விழுங்கியிருக்கிறாய். என்னம்மா ஆச்சு? மறைக்காமல் எழுது.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. சுவரில் தொங்கவிட்டால் அறையின் எதிரொலி அடங்கும். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிறது. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் சொன்னால் நீயும் கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பெரியவன்