சூரியன் சரி, ஊர்தான் பிழை

என் செவ்வாய்க்கிழமைத் தோழிக்கு,

வீட்டில் இன்னும் பால் தீய்ந்த மணம் போகவில்லை. பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பானை கழுவாமல் கிடக்கிறது, கிடக்கட்டும். மேசையில் என் முன்னால் உம்முடைய திறப்புக் கோர்வையில் சாவிகளோடு தொங்கிய அந்தச் சின்னத் திசைகாட்டி இருக்கிறது. உம்மைச் சேமக்காலையில் அடக்கம் செய்த அன்று உம்முடைய மகள் அதை என் கையில் வைத்து, "அம்மா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ" என்றாள். இரண்டு வருடமாக அது என் குளிர்ச்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. இன்று காலை வந்தது. நீர் வென்றுவிட்டீர். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் பழகிய கதையை நினைத்துப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் மாடி துடைப்பது எனக்கு, ஆறாம் மாடி உமக்கு. சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள், இந்த ஊரில் எனக்கு எந்தெந்த இடம் தெரியும் என்று கேட்டீர். வீடு, வேலை, கோயில், மரக்கறிக் கடை என்றேன். மற்றதெல்லாம் எனக்கு மெட்ரோ ஜன்னலில் ஓடும் இருட்டுத்தான். நீர் கரண்டியைக் கீழே வைத்தீர்.

"பதினொரு வருஷமா இஞ்சை இருக்கிறீர், நாலு இடந்தான் தெரியுமோ? வாற செவ்வாய்க்கிழமை லீவுதானே. காலுக்கு நல்ல சப்பாத்தாப் போட்டுக்கொண்டு வாரும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை தொடங்கியது. சட்டங்கள் எல்லாம் உம்முடையவை. பெயர் வாய்க்குள் நுழையாத ஒரு நிலையத்தில் இறங்க வேண்டும். போனைத் தொடக் கூடாது. நாங்கள் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜுக்குக் கால்நடையாகத் திரும்பி வர வேண்டும். முதல் நாளே நான் யாரோ ஒருவரின் வீட்டுப் படியில் குந்தியிருந்து அழுதேன், துலைந்து போனோம் என்று. உமக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இது ஒரு தீவு. தீவுக்கை எவ்வளவு தூரம் துலையிறது? மிஞ்சினால் ஆத்தங்கரை" என்றீர். அதற்குப் பிறகு எனக்கு இந்த ஊரில் பயம் வந்ததில்லை.

எத்தனை கண்டோம்! வீடுகளின் பின்னால் போகும் ஒரு ஒழுங்கையில் வேலி முழுக்கப் பாகற்காய் தொங்குவதைக் கண்டு கதவைத் தட்டினீர். வந்த வங்காளத்து மனுசிக்குத் தமிழ் தெரியாது, உமக்கு வங்காளம் தெரியாது. கால் மணித்தியாலம் கதைத்துவிட்டு இரண்டு காயோடு வந்தீர். தீவின் நுனிக்குப் பஸ்ஸில் போன நாள், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வாய்க்கால் கதவை அடைத்ததும் தண்ணீர் ஏற, படகும் ஆட்களோடு மேலே எழும்பியதைப் பார்த்துக் கைதட்டினீர். படகில் இருந்தவர்களும் திருப்பிக் கைதட்டினார்கள். 'றூ பாறே' என்ற பெயரில் ஊர் முழுக்கத் தெருக்கள் இருக்கின்றனவே என்று ஒரு மாதம் ஆச்சரியப்பட்டோம். வீதி மூடப்பட்டிருக்கிறது என்பதற்கான அறிவிப்பு அது என்று என் மகன் சொன்னபோது, நீர் நிலத்திலேயே குந்திவிட்டுச் சிரித்தீர்.

ஆனால் பெரிய கண்டுபிடிப்பு அந்த ஆனி மாதத்து மாலைதான். 'வடக்கு' என்று பெயர்ப்பலகை சொன்ன ஒரு நீளத் தெருவில் நடந்துகொண்டிருந்தோம். சூரியன் நேரே முகத்துக்கு முன்னால், தெருவின் முடிவில் இறங்கிக்கொண்டிருந்தது. நீர் சட்டென்று நின்றீர்.

"இது வடக்கெண்டால் பொழுது ஏன் இதுக்குள்ளை படுகுது?"

"கோடைகாலமெல்லோ, அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். எனக்குக் கால் வலி.

"நான் மன்னார்க் கடற்கரையிலை வளந்தனான். எனக்குக் கதை சொல்லாதையும். சூரியன் சரி, ஊர்தான் பிழை."

அடுத்த கிழமை ஒரு பழைய சாமான் கடையில் இந்தத் திசைகாட்டியை வாங்கிக்கொண்டு வந்தீர். ஊசி உம்முடைய கட்சிதான். வெளிப்படியில் பூஞ்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் உம்முடைய உடைந்த பிரெஞ்சில் கேட்டீர். அவர் சிரித்தார். ஆறு இருக்கும் பக்கத்துக்குத் தெற்கு என்று பெயர் வைத்துவிட்டார்களாம். ஆறு வளைந்த மாதிரியே ஊரின் திசையும் வளைந்துவிட்டதாம். இங்கே பிறந்தவர்களுக்கு இது தெரிந்த பகிடியாம். பனி கொட்டும் மாரியில் சூரியன் 'தெற்கில்'தான் உதிக்குமாம்.

நீர் வெற்றியோடு என்னைப் பார்த்தீர். என் முகம் செத்துப்போயிருந்தது. "என்னப்பா?" என்றீர்.

"நாங்கள் பதினொரு வருஷமா எந்தப் பக்கம் பாத்துப் பொங்கியிருக்கிறம்?" என்றேன்.

எங்கள் வீட்டில் பொங்கலின் திசையைத் தீர்மானித்தவர் என் கணவரின் தமையன், பெரியண்ணை. அந்த வீட்டுக்குக் குடிவந்த வருடம் அவர் இறங்கிப்போய்த் தெருமுனைப் பஸ் தரிப்பிடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். 'எஸ்ட்' என்று எழுதியிருந்தது. பிரெஞ்சில் எஸ்ட் என்றால் கிழக்கு. அந்தப் பஸ் போகும் பக்கம் பார்த்துப் பானையை வைத்தோம். அந்த ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர் மட்டும். சூரியனைச் சுவர் மறைக்கிறது என்று நினைத்துக் கும்பிட்டோம். காலை வெயில் ஒவ்வொரு நாளும் மற்றப் பக்கத்தில், சமைக்கும் குசினிக்குள் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் வீட்டில் சொன்னேன். பெரியண்ணைக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. "நீங்கள் சொல்லுற பக்கம் தெற்கு. எமன்ரை திசை. ஒரு வேதக்காரி வந்து எங்களுக்குக் கிழக்குக் காட்டுறாவோ?" கிறிஸ்தவரான உம்மிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். நீர் கோபப்படவில்லை. "வேதக்காரருக்கும் அதே சூரியன்தான் எண்டு சொல்லும்" என்றீர். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நான்கு பொங்கல் வந்து போனது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுத்த செவ்வாய் நீர் கேட்பீர்: "இந்த முறை பானை எந்தப் பக்கம் பாத்தது?" நான் "பஸ் போற பக்கம்" என்பேன். நீர் நடையை எட்டிப் போடுவீர். நடக்கப் பழக்கிய உமக்கு முன்னால், என் சொந்த வீட்டில் ஒரு பானையைத் திருப்பத் துணிவில்லாமல் நின்றேன். அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவே இல்லை.

கடைசியாக நாங்கள் போனது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்ய். நோயும் மருந்தும் உம்மை நன்றாக மெலிய வைத்திருந்தன, மஞ்சள் பாதை மெட்ரோவில் போய் ஆற்றங்கரை வாங்கில் உட்கார்ந்ததோடு சரி. மறுகரையில் ஊர் முழுவதும் தெரிந்தது. "முழுக்க நடந்து முடிக்கேல்லை" என்றீர். பிறகு, கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்ட மாதிரி: "அந்தப் பானையை ஒருக்கால் திருப்பிப் பாருமன்." பங்குனியில் போய்விட்டீர்.

உமக்குப் பிறகு வந்த முதல் பொங்கலுக்கும் எனக்குத் துணிவு வரவில்லை. இன்று வந்தது. எல்லோருக்கும் முன்னால் எழும்பி, கோலத்தைக் குசினி ஜன்னலுக்குக் கீழே போட்டேன். மின்னடுப்பு, பானை, கரும்பு, நிறைகுடம் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனேன். புகை அலாரத்துக்குத் துணி கட்டினேன். திசைகாட்டியைக் கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரியண்ணை வந்தார், பார்த்தார், நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்ன இது? இது தெற்கெல்லோ?"

என் கணவர் என்னைப் பார்த்தார். முன்பென்றால் பானையைத் தூக்கியிருப்பேன். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றேன். "சூரியன் வராட்டில் நானே தூக்கிக்கொண்டு போய் அங்கை வைக்கிறன்."

பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு நேரே ஊர் நடுவில் இருக்கும் மலை, பனி மூடிக் கறுப்பும் வெள்ளையுமாக. வானம் வெளுத்தும் ஒன்றையும் காணவில்லை. பெரியண்ணை தொண்டையைச் செருமினார். அப்போது மலையின் முதுகில் மரங்களுக்கு இடையால் சிவப்பாக ஒரு கீற்று எழும்பியது. ஒரு நிமிடத்தில் வெயில் நேராக உள்ளே வந்து பானையில் விழுந்தது. அதே நேரம் பாலும் பொங்கி, ஜன்னல் பக்கமாக வழிந்து அடுப்பில் தீய்ந்தது. என் மகன் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினான். தமிழில் அவன் அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதில்லை. நான் அழுதேன், சிரித்தேன், அரிசியைப் போட மறந்து நின்றேன்.

பெரியண்ணை கைகூப்பியபடி கனநேரம் நின்றார். பிறகு டொரொண்டோவில் இருக்கும் தன் சிநேகிதருக்குப் போன் எடுத்தார். "இஞ்சை ஊரே பிழையான திசையிலை பொங்கிக்கொண்டிருக்கு! நான் கண்டுபிடிச்சிட்டன்!"

"நீங்கள் இல்லை அண்ணை" என்றேன், போனிலும் கேட்கிற மாதிரி. "ஆர் கண்டுபிடிச்சதெண்டு சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். திசைகாட்டியைப் பார்த்தார். "எங்கடை வீட்டுப் பிள்ளையின்ரை சிநேகிதி. மன்னார்ப் பிள்ளை" என்றார் போனுக்குள். வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் எடுத்து வையும்."

எடுத்து வைத்திருக்கிறேன். வாழையிலைத் துண்டில் சுற்றி, மேலே ஒரு முந்திரிப்பருப்போடு. இன்றும் செவ்வாய்க்கிழமைதான். போனை வீட்டில் வைத்துவிட்டு, நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, நடந்தே அந்த மலையில் இருக்கும் உம்முடைய சேமக்காலைக்கு வருகிறேன். உம்முடைய கல்லைப் பனி மூடியிருக்கும், அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். இன்று சூரியன் வந்ததே அந்தப் பக்கத்தால்தான்.

இந்த முறை பானை எந்தப் பக்கம் பார்த்தது என்று கேளும். உம்முடைய பக்கம்.